விசிட்டர் பார்க்கிங்கில் ஒரு படகு

ஜூன் 8, ஞாயிறு

படகு வந்துவிட்டது. காசிமேட்டிலிருந்து அம்பத்தூர் வரைக்கும் மினி லாரியில், கவிழ்த்துப் போட்டுக் கயிறு கட்டி. தெருமுனையிலிருந்து இரண்டு நாய்கள் லாரிக்குப் பின்னாலேயே குரைத்துக்கொண்டு வந்தன.

பதினெட்டு அடி ஃபைபர் படகு. ஒரு காலத்தில் நீலமாக இருந்திருக்கும். பக்கத்தில் இரண்டு விரிசல், அடியில் ஒரு சொத்தை. உள்பலகை எல்லாம் உளுத்துப்போய், நண்டு ஓடும் காய்ந்த செதிலுமாக, குமட்டுகிற நாற்றம். இஞ்சின் கிடையாது. துடுப்பு இரண்டு, அதில் ஒன்று பாதிதான்.

அந்தோணிராஜ் தைரியம் சொல்கிறான். இங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவன். பிறந்தது காசிமேடு, மீனவக் குடும்பம். படகு அவன் மச்சானுடையது. "கவலப்படாதக்கா. மூணே ஞாயித்துக்கெழம. புச்சு மாதிரி ஆக்கிட்றேன்."

உள்ளே கட்டிலிலிருந்து என் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன்.

ஜூன் 9

காலேஜ் ஆபீசில் அட்மிஷன் கூட்டம். வேலப்பன்சாவடியிலிருந்து வீடு வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். "சுலோசனா மேடம், படகு வாங்கினீங்களாமே" என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எதற்கு வாங்கினேன் என்று எனக்கே மறந்துபோகும் நாள் வரும். அதற்காகவாவது எழுதி வைக்கிறேன்.

இவருக்குப் பக்கவாதம் வந்து நாலு வருஷம் ஆகிறது. பேச்சு திரும்பிவிட்டது, இடது கையும் காலும் திரும்பவில்லை. காலமெல்லாம் மாநகர பஸ் ஓட்டிய உடம்பு, கனம் குறையவே இல்லை. போன டிசம்பரில் ஏரி உடைத்துக்கொண்டு எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். ரப்பர் படகில் வந்த பையன்கள் இவரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கவிழ்ந்துவிடும் என்று பயந்து விட்டுவிட்டார்கள். கடைசியில் ஜேசிபி வந்தது. மண் அள்ளுகிற வாயில் இவரை உட்காரவைத்தார்கள். லுங்கி பாதி நழுவி, கூனிக்கொண்டு, சேற்று மூட்டை மாதிரி. அதை எவனோ வீடியோ எடுத்து, பாட்டுப் போட்டு, ஊரெல்லாம் அனுப்பினான். இவருடைய டெப்போ வாட்ஸ்அப் குரூப்புக்கும் வந்தது. இவரே பார்த்தார்.

அன்றிலிருந்து யார் முகத்திலும் விழிப்பதில்லை. நடை வரைக்கும்கூட வருவதில்லை.

முதல் மாடியில் ஒரு வீடு காலி, வாடகைக்குப் போய்விடுங்கள் என்று மகள் நிவேதிதா கோயம்புத்தூரிலிருந்து தினமும் சொல்கிறாள். லிஃப்ட் இல்லை. நாலு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். அவளிடம் போனில் இவர் சொன்னது: "நாலு பேரு தூக்கினு போவ நான் இன்னா பொணமா?" அப்புறம் என்னிடம், மெதுவாக, "மறுபடி தண்ணி வந்தா நீ மேல போய்டு. நான் இங்கியே கீறேன். யாரும் என்னாண்ட கை வெக்கக் கூடாது."

சும்மா சொல்கிற ஆள் இல்லை இவர். அதுதான் பயம். யாரும் தூக்காமல், கட்டிலில் படுத்த பலகையோடு வெளியே போக ஒரு வழி இருந்தால் ஒப்புக்கொள்வாரோ? அதற்குத்தான் படகு. இதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்பவர்கள் வேறு வழி இருந்தால் சொல்லட்டும்.

ஜூன் 15

அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளர் ரகுநாதன் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்: "விசிட்டர் பார்க்கிங் வாகனங்களுக்கு மட்டும்." படகும் வாகனம்தான் என்று பதில் போட்டேன். கட்டைவிரல் தூக்கியவர்கள் இரண்டே பேர். ஒருவன் இரண்டாம் மாடியில் அறைத் தோழர்களோடு இருக்கும் ஐ.டி. பையன் ரோஹித். இன்னொன்று நிவேதிதா. அவள் குரூப்பில் இருப்பதே இன்றுதான் தெரியும்.

ஜூன் 29, ஞாயிறு

மூன்று ஞாயிறும் போய்விட்டது. பழைய பெயின்ட்டைச் சுரண்டித் தேய்த்ததோடு சரி. ஃபைபர் தூள் ஒட்டி உடம்பெல்லாம் அரிப்பு. குளித்தும் போகவில்லை. அந்தோணி தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னான். தடவினேன். இப்போது எண்ணெயோடு அரிக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

விரிசலுக்கும் சொத்தைக்கும் ஒட்டுப் போட்டான். கண்ணாடி நார் விரிப்பை வெட்டி வைத்து, மேலே ரெசின் பூசி, மறுபடி விரிப்பு, மறுபடி ரெசின். அந்த நெடி மூன்று மாடியும் ஏறிவிட்டது. ரகுநாதன் மூக்கில் கைக்குட்டையோடு இறங்கி வந்து, "இது குடியிருப்பா, கப்பல் கட்டுற தளமா மேடம்?" என்றார்.

"அடுத்த மழைக்கு உங்க காரையும் இதுல ஏத்திக்கலாம் சார்," என்றேன். நானா பேசினேன்? வரவர நாக்குக்குச் சனி பிடித்திருக்கிறது.

ஜூலை 20

அந்தோணி வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

ஜூலை 27

வரவில்லை. அவன் சின்னவளுக்கு டைஃபாய்டாம். பாவம், அவனைத் திட்டவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று படகின் பக்கத்தை வெட்டினோம். என் யோசனை. கதவு மாதிரி தாழ்வாக வெட்டிவிட்டால் இவரைப் படுத்த பலகையோடு நேராக உள்ளே தள்ளலாமே. அந்தோணி தலையைச் சொறிந்துவிட்டு, "வயசானவங்க ஏற பாத் டப்பு பக்கத்த வெட்ற மாதிரி வெட்டிட்லாம்க்கா" என்றான். நடு இருக்கையையும் எடுத்தாகிவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

படுக்கையில் இவரைத் திருப்பும்போது என் இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் சேர்ந்து முனகினோம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஏரியில் ஓட்டிப் பார்த்தோம். இவர் எடைக்குச் சரியாக மணல் மூட்டைகள். ஏற்றியதும் படகு வெட்டின பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி கூச்சமில்லாமல் உள்ளே வந்தது. அரைப் படகு முங்கிவிட்டது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள்.

"கடல்ல பொறந்தவன்தானேடா, வெட்டாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்குக் கடலுன்னாலே வாந்திக்கா. அதான சின்ன வயசுலயே டாங்க் கம்பெனிக்கு ஓடியாந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சேறும் சகதியுமாக வீட்டுக்கு வந்து இவர் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடியலடா சாமி. எல்லாத்தையும் சொல்லி முடிச்சேன். மூட்டை முங்கினது, அந்தோணியோட வாந்தி, எல்லாம். ஒரு சத்தம் கேட்டது. என்னவோ ஏதோ என்று நிமிர்ந்தேன். இவர் சிரிக்கிறார். வயிறு குலுங்க.

"படகுக்குப் படி வெச்சியா? போடி."

டிசம்பருக்கு அப்புறம் இதுதான் முதல் சிரிப்பு. என்னைப் பார்த்துத்தான் சிரித்தார். சிரித்துக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வெட்டின துண்டைத் திரும்ப ஒட்டுகிற வேலை. வெட்டியது ஒரு மத்தியானம், ஒட்டுவது மூன்று வாரம். பலகையை எப்படி ஏற்றுவது என்று நானும் அந்தோணியும் வாதாடிக்கொண்டிருந்தோம். முதுகுக்குப் பின்னால் குரல்.

"பின்னாடி மொட்டையாத்தான கீது? அங்க ஒரு சாய்வுப் பலகை போட்டு இழேன். பின்படி இல்லாத பஸ் கீதா?"

ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. நான் திறக்கவில்லை. வலது கையால் எட்டித் திறந்திருக்கிறார். அந்தோணி ஜன்னலுக்கு நேராகப் போய், "சலாம் அண்ணாத்தே" என்றான். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சாத்தச் சொல்லவில்லை.

செப்டம்பர் 21

இவர் சொன்னபடி செய்தாயிற்று. இவர் படுக்கிற பலகைக்கு அடியிலும் அந்தோணி தெர்மோகோல் வைத்து ஃபைபர் பூசிவிட்டான். தண்ணீர் வந்தால் பலகை தானாக மிதக்கும். கட்டிலிலிருந்து நகர்த்தினால் போதும், தூக்க வேண்டாம். இதை நாங்கள் ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை?

அக்டோபர் 1, ஆயுத பூஜை

படகுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ. அந்தோணி கையைக் கட்டிக்கொண்டு, "நீங்க பொட்டு வைங்கக்கா, நான் ஜெபம் பண்ணிக்கிறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

டெப்போவில் இவர் பஸ்ஸுக்கு மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். இன்று ஜன்னலிலிருந்து கேட்கிறார்: "எலுமிச்சம்பழம் எங்க வெப்ப? சக்கரமே இல்லியே."

எனக்கும் தெரியவில்லை. பழத்தைப் பிழிந்து மூன்று பேரும் ஜூஸ் குடித்தோம்.

நவம்பர் 16, ஞாயிறு

பெயின்ட் அடித்தாகிவிட்டது. மஞ்சள். முடிந்தது என்று சொல்லிவிட்டு அந்தோணி துடுப்புகளைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தான். சந்தோஷப்பட வேண்டும். இடுப்பு வலிதான் தெரிகிறது. "தண்ணி வந்தா இதுல வருவீங்கதானே?" என்று இவரிடம் கேட்டேன். "வரும்போது பாக்கலாம்" என்றார். ஐந்து மாத உழைப்புக்கு இதுவா பதில்?

டிசம்பர் 3. மாங்காடு, அக்கா வீடு

நேற்று நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். 

இரண்டு நாள் விடாத மழை. காலையில் ஹாலில் கணுக்கால் அளவு. பத்து மணிக்குள் முழங்கால். அந்தோணிக்குப் போன் போட்டால் போகவில்லை. அவன் ஏரியாவிலும் தண்ணீர் என்று பிறகுதான் தெரிந்தது. ரோஹித்தும் அவன் தோழர்களும் இறங்கி வந்து படகைத் தண்ணீருக்குத் தள்ளினார்கள். தள்ளின கொஞ்ச நேரத்தில், "ஆன்ட்டி, உள்ள தண்ணி ஏறுது!" என்று கத்தினார்கள்.

எனக்கு உலகமே இருட்டிடுச்சு. ஒட்டு விட்டுப்போச்சா? இவ்வளவும் இதுக்குத்தானா?

உள்ளேயிருந்து இவர்: "அடி ஓட்டயில தக்கை இல்லடா. மழத்தண்ணி வடியட்டும்னு அந்தோணி எடுத்துட்டான்."

தக்கை எங்கே? இவர் தலையணைக்குக் கீழே. இவரை நம்பித்தான் அவன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு பேரும் ஜன்னல் வழியாக எத்தனை நாளாகப் பேசிக்கொள்கிறார்கள்? என்னிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

தக்கையை அடித்து, தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினார்கள். இவர் படுத்திருந்த பலகையைக் கட்டில் ஓரத்துக்கு நகர்த்தக் கை வைத்தேன். "வரீங்களா?" என்று கேட்டேன்.  இவர் ரோஹித்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "லுங்கிய இறுக்கிக் கட்டு" என்றார் என்னிடம். கட்டினேன். மேலே பெல்ட்டும் போட்டேன். பலகையைக் கட்டிலிலிருந்து தண்ணீருக்குச் சரித்தோம், மிதந்தது. ஹால் வழியாக, வாசல் வழியாக, யாரும் தூக்காமல் போனார். பின்பக்கச் சாய்வில் மட்டும் பையன்கள் இழுத்தார்கள்.

படுக்க மாட்டேன் என்று தலையணையை முதுகுக்கு வைக்கச் சொல்லிச் சாய்ந்துகொண்டார். ரகுநாதன் மாடிப்படியில் மாமனாரோடு நின்றுகொண்டிருந்தார். மாமனார் தினமும் இன்சுலின் போடுகிற ஆள், இங்கே மாட்டிக்கொள்ள முடியாது. ரகுநாதனுக்கு வாய் திறந்து கேட்கக் கூச்சம். இவர்தான், "ஏறச் சொல்லு, எடம் கீது. ஓரத்துல குந்தாத சார், நடுவுல வா" என்றார்.

மெயின் ரோட்டில் ஒரே கூட்டம். அங்கே ஒருவன் வீடியோ எடுக்கப் போனைத் தூக்கினான்.  முந்தானையை எடுத்து இவர் முகத்தை மறைக்கப் போனேன். இவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"தம்பி, அத்த உள்ள வெச்சுட்டு இந்தக் கயித்தப் புடி."

பிடித்தான். அவன்தான் கரை வரைக்கும் இழுத்துவந்தான்.

டிசம்பர் 6

வீடு. சேறு. மெத்தை போயிற்று, மிக்ஸி போயிற்று, பீரோவின் கீழ்த்தட்டுப் புடவை எல்லாம் போயிற்று. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் கழுவிக் கை வெந்துவிட்டது. அசோசியேஷன் குரூப்பில் "நமது படகு" என்று போட்டிருக்கிறார்கள். நமதாம்! பக்கத்துத் தெருக்காரர்கள் இரவல் கேட்டு வாங்கிப்போயிருக்கிறார்கள். எனக்குக் கோபப்படவும் தெம்பில்லை.

டிசம்பர் 7

தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை. இவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மாடி ஊட்டு சாவி யாராண்ட கீது?" என்றார்.

"எதுக்கு?"

"நீ எத்தினி வருசம் இப்டியே தொடப்ப?"

துடைப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அழுதிருப்பேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

மாடிக்கு வந்துவிட்டோம். நாற்காலியில் உட்காரவைத்து ரோஹித், அவன் தோழர்கள் இருவர், அந்தோணி என்று நாலு பேர் தூக்கினார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். இவரும் அவர்களைப் பார்த்தார். படி திரும்புகிற இடத்தில், "அந்தோணி, உன் பக்கம் எறங்குது பாரு. அவசரம் இல்லடா, வெச்சுட்டு மூச்சு வாங்குங்க" என்றார். வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். நான் தலையணையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றேன்.

படகு இனி எங்களுக்குத் தேவைப்படாது. அரிப்பும் ரெசினும் இடுப்பு வலியும் வீணா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இல்லை. இருந்தாலும் இன்னொரு தடவை யாராவது செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன்.

மத்தியானச் சாப்பாடு நிவேதிதா போனிலேயே ஆர்டர் பண்ணி அனுப்பினாள். சாப்பிட்டுவிட்டு இவர் தூங்குகிறார். மழை பிடித்துக்கொண்டுவிட்டது, பலமாகத்தான் பெய்கிறது. நான் எழுந்து போய்த் தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கவில்லை.