மதகுக் கல்லை எல்லோரும் வாசித்த நாள்

இன்று காலை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும் வந்ததே அந்தப் புதுத்துணி வாசம்! அதற்குப் பிறகு மேடையில் யார் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பல வருடங்களுக்கு முன் நடந்த உன் பாராட்டு விழாவுக்கு மனசு போய்விட்டது.

துடியலூருக்கு அப்பால் இருக்கிற உங்கள் ஊர்க் குளத்தை வெட்டியவர் உன் முன்னோர்களில் ஒருவர்தான் என்று ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தாய். உன் சொந்தக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண மண்டபம் பிடித்தார்கள், பந்திக்குச் சொன்னார்கள், உன் மாமாவே தலைமை. விழாவுக்கு முந்தின வாரம் குளம் வற்றியதில் மதகடியில் எழுத்துள்ள கல் ஒன்று வெளியே தெரிந்தது. நீ போய்ப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தாய். "கண்ணு, நான் எழுதினது தப்பு. அவரு குளத்தை வெட்டலை. ஏற்கெனவே இருந்ததைச் செப்பனிட்டிருக்காரு, அவ்வளவுதான்." தப்பு என்று சொல்கிற குரலில் அத்தனை குதூகலம்!

எனக்கோ உன் வேலையை நினைத்துக் கவலை. நாம் ஒரே கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர்கள். நிர்வாகத்தில் உன் மாமாவுக்கு இருந்த செல்வாக்கு எனக்கும் தெரியும்.

மாலை கழுத்தில் விழும் முன்பே மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய். "ஏன் அம்மணி, இதை இன்னைக்கேவா சொல்லோணும்?" என்று மாமா பல்லைக் கடித்தார்.

"தப்புன்னு தெரிஞ்சுபோட்டு மாலையை எப்படிங்க மாமா வாங்கிக்கறது?"

யாரோ மைக்கை அணைத்தார்கள். "சொந்த சனத்தையே காட்டிக் குடுத்துபோட்டா!" என்று ஒரே கூச்சல். அதற்கு நடுவில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "அந்தக் கல்லு எங்கிருக்குதுங்க?" என்று கேட்டாள். உன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! "வாங்க, காட்டறேன்!"

பாதி மண்டபம் கிளம்பிவிட்டது. சண்டை போடவென்றே வந்தவர்களும் உண்டு. ஸ்கூட்டர், வேன், ஒரு டிராக்டர்கூட. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாய். பந்திச் சமையற்கட்டிலிருந்து வாங்கி வந்த மாவைக் கல்லில் தேய்த்ததும் வெள்ளை வெளேரென்று எழுத்துகள் எழுந்தன. நீ வாசித்துக் காட்டவில்லை. "நீங்களே பாருங்க" என்று ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டாய். கூட்டமே எழுத்துக் கூட்டியது. மாமா கண்ணாடியை மாட்டிக் குனிந்தார். "ப... ழ... ங்... கு... அட! பழங்குளம்னுதான போட்டிருக்குது!" தான் எந்தக் கட்சி என்பதையே ஒரு நொடி மறந்துவிட்டார். ஞாபகம் வந்ததும் உர்ரென்று ஒதுங்கிக்கொண்டார்.

கல்லூரிக்குப் புகார் போனது. வருத்தம் தெரிவிக்கச் சொன்னார் முதல்வர். "தெரிவிக்கறனுங்க சார், முதல்ல எழுதின கட்டுரைக்கு" என்றாய். திருத்தம் அச்சில் வந்தது. உன் பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி நீ கவலைப்பட்டதில்லை. தீபாவளிக்கு மாமா உன் வீட்டுப் படி ஏறாததற்குத்தான் அழுதாய்.

அறிவுச் சுதந்திரம் என்றால் அதிகாரத்தை எதிர்த்து நிற்பது என்றுதான் மேடைகளில் பேசுகிறோம். கைதட்டுகிற சொந்தங்களுக்கு எதிரே நிற்பது அதைவிடச் சிரமம் என்று அன்று பார்த்தேன்.

போன வாரம் வகுப்பில் ஒரு மாணவி தயங்கித் தயங்கி எழுந்தாள். "மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க சொன்னது அப்படியில்லீங்க." முன்பெல்லாம் இந்த மாதிரிப் பேச்சு எனக்குச் சுருக்கென்று தைக்கும். இப்போது நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, நல்ல சேதி கொண்டுவந்தவர் வாசலில் நிற்பதுபோல. நீ எனக்கு விட்டுப்போனது இந்தப் படபடப்புதான்.

"எங்க படிச்சே? சொல்லு கண்ணு, சொல்லு!" என்று அவள் பெஞ்சிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்தது. நாங்கள் எழுந்திருக்கவில்லை.