கன்னடத்தில் ஒழுகிய வீடு

லிபியா அப்பாவுக்கு,

அக்காவைப் பார்க்க பர்கூர் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன். களி கிண்டி மூடி வைத்திருக்கிறேன். கீரைக் கடைசல் பக்கத்திலேயே இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள்.

மத்தியானம் அத்திப்பள்ளியிலிருந்து வீடு பார்க்க வருகிறார்கள். பத்திரத்தின் ஜெராக்ஸ் டிவி மேல் இருக்கிறது, அதை மட்டும் காட்டுங்கள். ஒரிஜினலைக் கேட்டால், "வீட்டுக்காரி வரட்டும்" என்று சொல்லுங்கள். விலை கேட்டாலும் அதே பதில்தான்.

போன வாரம் மாதிரி பேசிவிடாதீர்கள். வந்த அம்மா, "மனெ சென்னாகிதே", வீடு நன்றாக இருக்கிறது என்று ஆசையாகத்தான் சொன்னாள். நீங்கள் உடனே, "மளெ பந்த்ரெ சோருத்தெ அம்மா" என்றீர்கள். மழை வந்தால் ஒழுகுமாம்! எனக்குப் புரியாது என்று நினைத்தீர்களா? பக்கத்து வீட்டு மாரம்மாவோடு இத்தனை வருஷம் நான் சண்டை போட்டதே கன்னடத்தில்தான். போன வருஷமே மாடிக்குத் தட்டோடு போட்டாயிற்று. அப்புறம் எங்கே ஒழுகியது? அவர்கள் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் போனார்கள். நான் கத்தினேன், நீங்கள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டீர்கள்.

வெளியே போனால் சாவியை மாரம்மாவிடம் கொடுங்கள்.

சூசைமேரி

பி.கு: பஸ்ஸுக்கு நேரமாச்சு, ஆனாலும் எழுதிவிடுகிறேன். உங்கள் முட்டி வலிக்காகத்தான் இதை விற்றுவிட்டு மகள் லிபியா வீட்டுப் பக்கம் போகலாம் என்றேன். விற்க மனசில்லை என்றால் வந்தவர்களிடம் கன்னடத்தில் சொல்லாதீர்கள். என்னிடம் தமிழில் சொல்லுங்கள். அவர்களை வர வேண்டாம் என்று நானே போன் பண்ணிச் சொல்லிவிடுகிறேன்.

களியை ஆறவிடாதீர்கள்.