டேங்கில் இருந்த பெயர்

நைட் ஷிப்ட் முடிந்து நீங்கள் வரும்போது நான் கம்பெனி பஸ் ஏறியிருப்பேன். சாவி எதிர்வீட்டுச் சாந்தம்மா அக்காவிடம். களி சட்டியில் இருக்கிறது, கீரைக் குழம்பை மட்டும் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

வண்டியை நிழலில் நிறுத்துங்கள். ஓட்டி வந்த சூட்டோடு தார்ப்பாயைப் போர்த்தாதீர்கள், உள்ளே புழுங்கி ஸ்டிக்கர் ஓரம் தூக்கிக்கொள்ளும். மிச்சம் இருக்கிற ஸ்டிக்கராவது பிழைக்கட்டும்.

“உம்பேரு வெயிலுக்கு உரிஞ்சு போச்சு, அதுக்கு நான் என்ன பண்றது?” என்று நேற்று கேட்டீர்கள். ஆறு வருடமாக பைக் டேங்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவளிடம் இந்தக் கதையா? அந்தப் பெயரை ஒட்டியதும் நான்தான். வெயில் ஓரத்தைச் சுருட்டும், பசையை அப்படியே விட்டுவைக்கும். மூன்று எழுத்தையும் முழுசாக எடுத்து, பெட்ரோல் தொட்டுத் துடைத்துவிட்டுப் போகாது. பக்கத்திலிருக்கும் சிவப்புப் பட்டை ஸ்டிக்கரை அந்த வெயில் தொடக்கூட இல்லை.

நான் லைன் லீடராக உயர்ந்த வாரம் பார்த்து அந்த வெயில் அடித்திருக்கிறது. “பொண்டாட்டி பேருல ஓடுற வண்டிடா” என்று உங்கள் கம்பெனியில் சிரித்தார்களாம். அவர்களை ஒரு வார்த்தை கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. கோபத்தை என் பெயர்மேல் காட்டியிருக்கிறீர்கள்.

குழாய் சரிபண்ண ஆள் பத்து மணிக்கு வருவார், தூங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. ஸ்டிக்கர் மூடியிருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் வெளுக்கவில்லை. வெளிச்சத்தில் கொஞ்சம் எட்ட நின்று பாருங்கள். வினோதா என்று இப்போதும் படிக்க முடிகிறது.