பாலத்தில் ‘ல்’ இல்லை

றொசல்ல,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்புள்ள ஷிராணி அக்காவுக்கு,

நாங்கள் சுகம். குவைத்தில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்றும் மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். போனில் பேசும்போது உங்கள் மேடம் பக்கத்திலேயே நிற்பது எனக்குத் தெரிகிறது. அதனால்தான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி பேசுகிறார், அக்கா.

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டிவந்த நாட்களைப் பற்றி நான் உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. தேயிலைக் கொழுந்து லொறியை நிறுத்தி நிறுத்தி, லயத்துக்கு லயம் வாசலில் நிற்பவர்களோடு கதை பேசிப் போன மனுசன், தண்ணீர் கேட்கக்கூட வார்த்தை வராமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பார்க்க வந்தவர்கள், காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்துவார்கள். ஒருநாள் மாத்திரையைத் துப்பிவிட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினார். மாத்திரையை மட்டும் அவர் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. குசினிக்குள் போய் அழுதேன்.

அப்போதுதான் உங்கள் முதல் குறுக்கெழுத்து வந்தது. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருக்காக நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்ததை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்களே கட்டம் கீறி, எல்லா விடையிலும் ‘பால்’ வருகிற மாதிரிச் செய்து அனுப்புவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் மற்றதும் வரும் என்று நீங்கள் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினேன். தாளைத் தள்ளிவிட்டார்.

நான் விடாமல் குறிப்புகளை வாசித்தேன். ‘தேத்தண்ணியில் கலக்குவது.’ முகத்தில் அசைவில்லை. ‘போஸ்ட்மேன் கொண்டுவருவது.’ உதடு லேசாகத் துடித்தது. ‘ஆற்றைக் கடக்க உதவுவது’ என்றதும், “லொறி” என்றார்!

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறைத்தார். பிறகு, கோணிய வாயோடு அவரும் சிரித்தார். பக்கத்து வீட்டு மீனம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்து, “அண்ணன் சிரிக்கிறாங்களா!” என்று வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான் எங்கள் வேலை. ‘பால்மா’ வந்தது, ‘தபால்’ வந்தது. ‘தாய்ப்பால்’ என்று சொன்ன அன்று உங்கள் அம்மாவின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற சிங்கள மிஸ்ஸிடம் உங்கள் தாளைக் காட்டினேன். மற்ற நோயாளிகளுக்கும் சிங்களத்தில் இப்படிச் செய்து பார்க்கப் போவதாகச் சொன்னார்.

போன கிழமை பழைய தாள்களை எடுத்து ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். திடீரென்று என்னைக் கூப்பிட்டு, “பாலம்... தப்பு. ‘ல்’ இல்ல. ‘ல’தான் இருக்கு. அக்கா... ஏமாத்திட்டாங்க” என்றார். உங்கள் பிழையைப் பிடித்த சந்தோசத்தில் அன்று இரண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நாள் முழுக்க அடுத்தவர் வீட்டைக் கழுவி, அடுத்தவர் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் என் புருசனுக்காகச் சொல் தேடியிருக்கிறீர்கள். நன்றி என்று எழுதிப் பார்த்தேன், அந்த ஒரு சொல் காணாது அக்கா.

ஒன்று கேட்கிறேன், மறைக்காதீர்கள். கடைசித் தாளில் எழுத்தெல்லாம் கோணலாக இருந்தது, கோடுகளும் நேராக இல்லை. அவர்தான் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “கை வலிக்குதா... கேளு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அடுத்தத அனுப்ப வேணாம்னு எழுது. கையில... கொண்டாரச் சொல்லு” என்றார்.

இங்கே வந்து என்ன செய்வது என்று யோசிக்காதீர்கள். உங்கள் தம்பி பேசுவதைக் கேட்க ஆள் வேண்டும். நான் ஒருத்தி போதாது.

மாதா உங்கள் கையைப் பிடித்து எங்கள் வாசல்வரை கூட்டிவரட்டும்.

உங்கள் தம்பி பெண்சாதி,
மரியநாயகி