வேர்க்காத பாவா

22-1-1944, சனி.

"மனுசன் நடக்க, ஏற, குந்தப் பொறந்தவன். கர்லாக்கட்டை எதுக்குடா?" என்று அக்காள் புருஷன், என் பாவா, என் முட்டிவலியைப் பார்த்து ஆறு மாதமாக உபதேசம் செய்தார். அதை நம்பி கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு தினமும் விடியலில் மலைப்படி ஏறினேன். எனக்கு முன்பே உச்சியில் நிற்பார். ஒரு சொட்டு வேர்வை இருக்காது. "தப்பா ஏறினாதான் வேர்க்கும்" என்பார்.

இன்று அவர் பள்ளிப்பட்டு போயிருந்தார். நான் தனியாக ஏறும்போது டோலி தூக்குகிறவர் கேட்டார்: "உங்க பாவா வரலீங்களா? தினம் நம்ம டோலிலதானே குந்திகினு வருவாரு."

சொன்ன மூன்றில் குந்துவதை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறார்.

அக்காளிடம் போட்டுக்கொடுக்கலாம்தான். ஆனால் என் முட்டிவலி போய்விட்டது. அவர் சொன்னபடி ஏறித்தான் போயிற்று. அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.