மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஜூன் 12

அன்புள்ள ஃபோர்மேன் சாருக்கு,

உங்கள் டீச்சர் எழுதுவது. இங்கே நலம். அச்சகத்தில் புது மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டதா? போனில் கேட்கலாம் என்றால், உங்கள் காதுதான் என்றைக்கோ அந்த மெஷின்களுக்குச் சொந்தமாகிவிட்டதே. நான் கத்தி, நீங்கள் கத்தி, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, எதற்கு வம்பு? கடிதமே நமக்குக் கதி.

ஒரு வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கல்லூரியைப் புகையிலை இல்லாத இடமாக்க வேண்டுமாம். பூனைக்கு மணி கட்ட ஆள் தேடிய முதல்வர் கண்ணில், ஆறு வருடமாக வீட்டுக்காரர் ஒரு ஊரிலும் தான் ஒரு ஊரிலுமாக இருக்கும் வரலாற்று டீச்சர்தான் பட்டாள். முதலில் முணுமுணுத்தேன். பிறகு ஒருநாள் நூலகத்தின் பின்படிக்கட்டில் நாலு பேரைப் பிடித்தேன். சேரும்போது பால்முகத்தோடு வந்த பிள்ளைகள். இப்போது உதடு கறுத்து, மாடி ஏறினால் இரைக்கிறது. அன்றிலிருந்து இது என் சொந்த வேலையாகிவிட்டது.

கல்லூரி வாசலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் சிகரெட் விற்கவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. விளையாட்டு ஆசிரியர் மைதானத்து டேப்பைக் கொண்டுவந்து அளந்து, ரோட்டில் மஞ்சள் கோடு போடச் சொன்னார். கோடு சரியாக டீக்கடையின் நடுவில் போகிறது. கடைக்காரர் அசரவில்லை. "டீ உங்க பக்கம், சிகரெட் என் பக்கம். போதுமா மேடம்?" என்று கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

இனிமேல்தான் விஷயம். கோபப்படக் கூடாது. இதற்கென்று என் தலைமையில் போட்ட குழுவின் கூட்டத்தில் கணக்குப் பிரிவு அதிகாரி எல்லார் முன்னாலும் கேட்டார்: "மாசாமாசம் உங்க வீட்டுக்காரர் வர்றாரே, அவர் எங்க ஊதுவாரு?" எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "ஆசிரியர் குடியிருப்பையும் சேர்த்துக்குங்க. அவரும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் போவாரு" என்று சொல்லிவிட்டேன். குடியிருப்பைப் பற்றி அதுவரை யாரும் பேச்சே எடுக்கவில்லை. நானாக எடுத்துக் கொடுத்தேன், தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள்.

மார்ச்சில் உங்களுக்கு ஓய்வு. அப்புறம் இந்த வீட்டில் இரண்டு பேர். அதை நினைத்துக்கொண்டே நாளை ஓட்டுகிறேன்.

உங்கள் டீச்சர்


ஜூன் 23

டீச்சரம்மாவுக்கு,

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். நீ ஊர்வாயை மூடுவதற்காக என் வாயை மூடியிருக்கிறாய். கெட்டிக்காரி.

கோபம் இல்லை. உன் சட்டம் நல்ல சட்டம்தான். இங்கே பைண்டிங் பிரிவில் ஒரு கிழவர் இருமுகிற இருமல் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. எனக்கே கேட்கிறது என்றால் பார்த்துக்கொள்.

ஆனால் ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு பின்வாசல் படியில் நான் இரண்டு சிகரெட் பிடிப்பேன். நீ காபியோடு வந்து, புகை வராத பக்கமாகப் பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே உட்காருவாய். கல்யாணம் ஆனதிலிருந்து நாம் இரண்டு பேரும் பேசியதெல்லாம் அந்த நேரத்தில்தான். மற்ற நேரமெல்லாம் நீ விடைத்தாளோடு, நான் தூக்கத்தோடு. வீடு எத்தனையோ மாறியது, இந்தப் பழக்கம் மாறவில்லை. இனி எங்கே உட்கார்ந்து பேசுவது என்று உன் குழுவில் கேட்டுச் சொல்.

அடுத்த மாதம் வருகிறேன்.

உன் ஃபோர்மேன்


செப்டம்பர் 4

அன்புள்ள ஃபோர்மேன் சாருக்கு,

இரண்டு தடவை வந்துவிட்டுப் போனீர்கள். வந்தீர்கள் என்று சொல்வதா, டீக்கடைக்கு வந்தவர் இங்கே படுத்துவிட்டுப் போனார் என்று சொல்வதா என்று தெரியவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவியதும் செருப்பை மாட்டினீர்கள். "இதோ வந்துர்றேன்" என்றீர்கள். நான் இரண்டு டம்ளர் காபியோடு படியில் உட்கார்ந்திருந்தேன். காபி ஆறி ஆடை கட்டியதுதான் மிச்சம். மறுநாள் காவலாளி சொல்கிறார், "சார் ரொம்பத் தமாஷா பேசுறாரும்மா. டிரைவருங்க எல்லாம் சாரைச் சுத்தித்தான் நிக்கிறாங்க." நீங்கள் தமாஷாகப் பேசி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று?

போன தடவை நானும் உங்கள் பின்னாலேயே கிளம்பி வந்தேன். உங்களுக்குத் தெரியாது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து எதற்கோ சிரித்தீர்கள். அப்போது பார்த்து இரண்டு மாணவர்கள் வந்து வணக்கம் சொன்னார்கள். தாண்டிப் போய் அந்தப் புகைக்குள் நின்றால் நாளைக்கு இவர்களிடம் என்ன முகத்தோடு பேசுவது என்று திரும்பிவிட்டேன். தாண்டியிருக்கலாம். அது இன்னமும் உறுத்துகிறது.

விட்டுவிடுங்களேன். குழுத் தலைவியாகச் சொல்லவில்லை. பெண்டாட்டியாகக் கெஞ்சுகிறேன். உங்கள் நெஞ்சுக்கு நல்லது என்பது ஒரு பக்கம். சாப்பாட்டுக்குப் பிறகான அந்த நேரம் எனக்கு வேண்டும். அதைவிட்டால் இங்கே என்னிடம் பேச ஆள் கிடையாது.

உங்கள் டீச்சர்


டிசம்பர் 2

டீச்சரம்மாவுக்கு,

விட்டுவிட்டேன்.

உடனே எழுதினால் நம்ப மாட்டாய், நானும் நம்பவில்லை. அதனால்தான் இத்தனை நாள் ஊருக்கும் வராமல் பொறுத்தேன். முதலில் கண்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். மை சரியில்லை என்று மெஷினை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மை சரியாகத்தான் இருந்தது. வாயில் சதா கிராம்பு. பக்கத்தில் வருகிறவர்கள் "பல்வலியா அண்ணே?" என்கிறார்கள்.

இப்போது மாடி ஏறினால் இரைப்பதில்லை. நாக்குக்கும் உயிர் வந்திருக்கிறது. இங்கே மெஸ்ஸில் உப்பை அள்ளிப் போடுகிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருடம் உன் சமையலை ருசியே தெரியாமல் குறை சொல்லியிருக்கிறேன், மன்னித்துக்கொள்.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவள் நீ. கடைசியில் ஜெயித்துவிட்டாய். ஜனவரியில் ஒரு வாரம் லீவு போட்டு வருகிறேன். காபி போட்டு வை.

உன் ஃபோர்மேன்


ஜனவரி 29

அன்புள்ளவருக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா?

கல்லூரிக்குப் பாராட்டுப் பட்டயம் கொடுத்தார்கள். முதல்வர் என்னை மேடைக்கு அழைத்தார். கணக்குப் பிரிவு அதிகாரியும் எழுந்து நின்று கை தட்டினார். பின்படிக்கட்டில் இப்போது பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனது நிறைந்துதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வது என்று யோசித்தேன். உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி எழுதாமல் இருந்தால் நாம் இரண்டு பேரும் தப்பித்துவிடலாம். எனக்கு அது முடியவில்லை. முதல் நாள் படியில் உட்கார்ந்தோம். காபியைக் குடித்தோம். "கொசு ஜாஸ்தியா இருக்கு" என்றீர்கள். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே வந்துவிட்டோம். மறுநாள், வகுப்புக்குத் தயார் செய்வதுபோல நாலைந்து விஷயங்களை யோசித்து வைத்துக்கொண்டு வந்தேன். பாதியிலேயே தீர்ந்துவிட்டது. அப்புறம் டீவி. ஒருநாள் "ஃபேன் போட்டுக்கலாமா?" என்று என்னைக் கேட்டீர்கள். விருந்தாளி கேட்பதுபோல இருந்தது. ஏழு நாளில் ஒரு சண்டைகூட இல்லை.

பழக வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பழகிவிடுவோம் இல்லையா?

இன்னொன்று. இது குடும்பத்துக்கான வீடு. நான் ஒருத்தி இருக்கிறேன். இரண்டு குழந்தைகளோடு புதிதாக வந்திருக்கும் ஆசிரியை வீடு இல்லாமல் தவிக்கிறாள். "சார் மார்ச்சில வந்துடுவாரா?" என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள். வருவார் என்று சொல்லட்டுமா? உடனே எழுதுங்கள்.

டீச்சர்


பிப்ரவரி 17

டீச்சருக்கு,

பதில் தாமதம். எழுதி எழுதிக் கிழித்தேன்.

இன்னும் இரண்டு வருடம் இருந்து புதுப் பையன்களுக்கு மெஷின் பழக்கச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பு. கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

உன் மேல் கோபம் இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபம் இல்லை. அந்தப் படியில் உன் பக்கத்தில் உட்கார்ந்தபோது, உன்னிடம் சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. பயந்துவிட்டேன். நாம் பேசிக்கொண்டிருந்தோம் என்று முன்னால் எழுதியிருந்தேன் அல்லவா? நினைத்துப் பார்த்தால் அதுகூட நிஜமில்லை. நான் ஊதிக்கொண்டிருந்தேன். நீ காத்துக்கொண்டிருந்தாய்.

இங்கே தனியாக இருப்பது பழகிவிட்டது. உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு தனியாக இருக்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடு. குழந்தைகள் இருக்கட்டும்.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

இப்படிக்கு,
ஃபோர்மேன்


மார்ச் 5

அன்புள்ளவருக்கு,

வீட்டைக் கொடுத்துவிட்டேன். பெண்கள் விடுதியை ஒட்டி ஓர் அறை தந்திருக்கிறார்கள். ஒரு ஜன்னல். மைதானம் தெரிகிறது. சாமான்கள் பாதி அதில் கொள்ளவில்லை. உங்கள் சட்டைகளையும் சவரப் பெட்டியையும் பார்சலில் போட்டிருக்கிறேன், இந்த வாரம் வந்துவிடும்.

திட்டச் சொல்லியிருந்தீர்கள். நிறையத் திட்டினேன், அழவும் செய்தேன். எழுத உட்கார்ந்தால் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் காத்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினீர்களே, அது சரி. ஆனால் நீங்கள் ஒன்றும் பேசாத நாட்களிலும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. நான் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

இங்கே பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து "விட்டுட்டேன் மேடம்" என்கிறார்கள். சிலர் மறுபடி தொடங்கிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், தனியாக இருக்கும்போதுதான் முடியவில்லை என்கிறார்கள். உங்கள் அறையை நினைத்துக்கொள்கிறேன். இனி உங்களைத் தடுக்கிற இடத்தில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். மறுபடி ஆரம்பித்துவிடாதீர்கள். நீங்கள் வராததை எப்படியாவது தாங்கிக்கொள்வேன். அங்கே நீங்கள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்தால் போதும்.

வேறு எதற்கும் பதில் வேண்டாம். இதற்கு மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

டீச்சர்