இன்னொரு மூக்கு

இன்று காலை அது மறுபடியும் வந்தது. பால் வாங்கக் கதவைத் திறந்ததும் நாசியில் ஏறியது. அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல, தொண்டையின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் அதே நாற்றம். எதிர்வீட்டுக்காரர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். என் கை தானாகவே போனை எடுத்து உன் எண்ணைத் தேடியது. 'கருவாடு' என்று பதிந்து வைத்திருக்கிறேன், இன்னும் அழிக்கவில்லை. விரல் அதன்மேல் போன பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. பால் வாங்காமலே உள்ளே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் குழுவைவிட்டு ஏன் வெளியே வந்தேன் என்பது உனக்குத் தெரியும். வந்த பிறகு உனக்கு என்ன செய்தேன் என்பது தெரியாது. தெரியாமலே போய்விட்டாய்.

நாம் முதலில் சந்தித்தது திருவொற்றியூரில், ஒரு மாடி அறையில். எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் காற்று கெட்டுப்போகும் தெருக்களில் இருப்பவர்களைச் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கப் போவதாகக் கணினி வேலை பார்க்கும் ஒரு பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். சம்பளம் கிடையாது, பதவி கிடையாது. நாற்றம் வந்தால் எந்தத் தெரு, எப்போது, எப்படிப்பட்ட நாற்றம் என்று எழுதிப் போட வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து அதிகாரிகளிடம் கொடுப்பார்கள்.

நீ கல்மண்டபம் மீன் சந்தையில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு கருவாட்டுக் கூடையோடு நேராக வந்திருந்தாய். பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியை மெல்ல நகர்த்திக்கொண்டார்கள். நான் நகரவில்லை. அதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே, என் மேலேயே ரப்பரும் பசையும் நாறிக்கொண்டிருந்தன. நீதான் முதலில் திரும்பினாய்.

"நைனா, உனக்கு இன்னா தொழிலு?"

"கண்டெய்னர் லாரிக்குப் பங்க்சர் போடறேன்."

"அதான பாத்தேன், கொடலப் புடுங்குது. நான் கருவாடு, நீ டயரு. நம்ம ரெண்டு பேர வச்சிகினு நாத்தம் கண்டுபுடிக்கப் போறாங்களாம். வெளங்கிரும்!"

முன்வரிசை திரும்பி முறைக்கும் அளவுக்கு நான் சிரித்தேன். அதன் பிறகு குழுவில் நமக்கு அதுவே பெயராயிற்று. கருவாட்டு மூக்கு, டயர் மூக்கு. கேலி செய்தவர்களில் பாதிப்பேர் கொஞ்ச நாளில் காணாமல் போனார்கள். நாம் இருவரும் இருந்தோம்.

அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான் என்பது உனக்கு நினைவிருக்கும். யாரோ கழிவுநீர் லாரியின் நாற்றத்தை ஆலை நாற்றம் என்று போட, அதிகாரி ஒருவர் அதைக் காட்டிச் சிரித்துவிட்டார். அன்றைக்குக் குழுவில் நான் எழுதினேன்: ஒருவர் சொன்னால் போதாது, வேறொரு தெருவிலிருந்து இன்னொருவரும் உடனே சொல்ல வேண்டும், அப்போதுதான் அது கணக்கில் சேரும். சிலர் முணுமுணுத்தார்கள். நான் விடவில்லை. "ஒத்த மூக்க எவனும் நம்ப மாட்டான்" என்றேன். இரண்டு மூக்கு விதி என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

எனக்கு இன்னொரு மூக்கு நீதான், உனக்கு நான். நீ கடலோரம், நான் தேரடிப் பக்கம். உன் வீட்டுக்கு வந்த காற்று என் வீட்டுக்கு வர ஒரு பீடி குடிக்கும் நேரம் ஆகும். குழுவில் போடுவதற்கு முன்பே அழைத்துவிடுவாய். "நைனா, கெளம்பிட்ச்சி. வாசல்ல போயி நில்லு." விருந்தாளியை வரவேற்கப் போகிறவனைப்போல நானும் போய் நிற்பேன். ஒருமுறை போனில் உன்னிடம் கேட்டேன், நாள் முழுக்கக் கருவாட்டோடு இருக்கிறாயே, எப்படித் தெரிகிறது என்று. "கருவாடு எனக்கு நாறவே நாறாது நைனா. உன் பொண்டாட்டி மூஞ்சி உனக்குப் புச்சாவா தெரியும்?" என்றாய். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி போனைப் பிடுங்கி உன்னைத் திட்டினாள். பிறகு நீங்கள் இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

சரி, நான் குழுவோடு போட்ட சண்டைக்கு வருகிறேன்.

நான் நாலாவதுக்கு மேல் படிக்கவில்லை. லாரிகளின் முதுகில் எழுதியிருப்பதையும், உதிரிபாகம் சுற்றிவந்த செய்தித்தாள்களையும் படித்துப் படித்துத்தான் எழுத வந்தது. எனக்குத் தெரிந்த ஒவ்வொரு சொல்லும் நானாகத் தேடிக்கொண்டது. மனு ஒன்றுக்காகத் தெருவுக்கு ஒருவர் எழுத வேண்டும் என்றபோது, எங்கள் தெருவுக்கு நான் எழுதினேன். 'எங்களைக் கூண்டில் அடைத்த எலிகளாக நினைக்கிறார்கள்' என்று எழுதினேன். அச்சாகி வந்தபோது, என் பெயருக்கு மேலே, 'இப்பகுதி மக்கள் அசௌகரியத்தை உணர்கிறார்கள்' என்று இருந்தது.

அந்தக் கணினிப் பெண்ணை அழைத்தேன். "அங்கிள், அப்படி எழுதினாத்தான் ஆபீஸ்ல வாங்குவாங்க" என்றாள். "அப்போ உன் பேரப் போட்டுக்க" என்றேன். குழுவிலும் கேட்டேன். பெரியவரே விடுங்கள் என்றார்கள். ஒருவன் சிரிக்கும் பொம்மை போட்டான். என் சொல்லைத் திருப்பிக் கொடுக்கும்வரை வரமாட்டேன் என்று எழுதிவிட்டு வெளியேறினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அவர்கள் செய்தது தப்பு. ஒருவன் சொல்லாததை அவன் பெயரில் போடக் கூடாது. இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஆனால் என்னை உண்மையில் சுட்டது அந்தச் சிரிக்கும் பொம்மை இல்லை. நீயும் என்னோடு வெளியேறுவாய் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் நீ அழைத்தாய், சமாதானமாக ஏதாவது சொல்வாய் என்று எடுத்தேன்.

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்தவன் கணக்கா கோச்சிகினு எழுந்து போய்ட்டியாமே."

"என் எழுத்த மாத்திட்டாங்கமே."

"தப்புதான். வந்து சண்ட போடு. நானும் வர்றேன், நல்லா கேப்போம். வெளிய வந்து இன்னா பண்ணுவ? நீ கோச்சிக்குவ, காத்து கோச்சிக்குமா?"

நான் போனை வைத்துவிட்டேன். நியாயத்தைச் சொன்னாய் என்பதால்தான் கோபம் அதிகமானது.

அதற்குப் பிறகு ஒரு மழைக்கால மதியம். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். காற்று திரும்பியது தெரிந்தது. கண் எரிய ஆரம்பித்ததும் எழுந்து சன்னலைச் சாத்தினேன். சாத்திக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"நைனா, உனக்கு வர்தா?"

"இன்னா வர்து?"

"அதான்யா, கேஸு. கண்ணுல தண்ணி கொட்டுது. குரூப்புல போட்டுக்கீறேன், எவனும் காணோம், அல்லாரும் வேலைக்குப் போய்க்கிறானுங்க. நீ குரூப்புக்கு வர வாணாம். வர்துன்னு என் கைல ஒரு வார்த்த சொல்லு. நான் அந்தப் பொண்ணு கைல சொல்லிக்கிறேன்."

என் கை இன்னும் சன்னல் கொக்கியின் மேல் இருந்தது. தொண்டை கமறியது. நான் இல்லாமல் நடத்திப் பார்க்கட்டும் என்று உள்ளுக்குள் ஒன்று சொன்னது. அவர்களுக்கு உறைக்கட்டும், உனக்கும் உறைக்கட்டும்.

"எனக்கு ஒண்ணும் வரலியே" என்றேன்.

"வரலியா?"

"வரல."

"நல்லா வெளிய வந்து பாரு நைனா."

"வெளியதான் நிக்கிறேன். ஒண்ணும் இல்ல."

"அப்போ என் மூக்குக்குத்தான் இன்னாவோ ஆயிட்ச்சி" என்றாய். கோபம் இல்லை. நான் பொய் சொல்வேன் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

உன் பதிவை 'உறுதியாகவில்லை' என்று குறித்துவிட்டார்கள். யாரோ ஒருவன், கருவாட்டு மூக்கு ஏமாத்திட்ச்சா என்று எழுதினானாம். அதை நீயே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாய். நானும் சிரித்தேன்.

பிறகு குழுவில் நீ போடுவது குறைந்தது. கேட்டபோது, "புச்சா ஆளுங்க வந்துட்டாங்கோ, நான் இன்னாத்துக்கு" என்றாய். நான் அதோடு விட்டிருந்தால்கூட என்னை ஒருவாறு மன்னித்துக்கொண்டிருப்பேன். ஆனால் கொஞ்ச நாள் கழித்துக் கல்மண்டபத்துக்கு உன் கடைக்கு வந்தேன். நீ ஒரு வஞ்சிரத் துண்டை எடுத்துப் பக்கத்துக் கடைக்காரியிடம் நீட்டி, "மோந்து பாருமே, நல்லா கீதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அவள், "இன்னா ஆச்சி உனக்கு, தெனம் இதே வேலையா கீது" என்று சலித்துக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் அதே துண்டை என் முகத்துக்கு நேரே பிடித்தாய்.

"நைனா, நீ சொல்லு. உன் மூக்கு கரீட்டு. என்னுது போய்ட்ச்சி."

பக்கத்துக் கடைக்காரியும் தன் வியாபாரத்துக்குத் திரும்பிவிட்டாள். ஒரே ஒரு வாக்கியம் போதும். உன் மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, அன்றைக்கு எனக்கும் வந்தது. வாய்வரை வந்தது. சொன்னால் நீ என்னைப் பார்க்கும் பார்வை எப்படி மாறும் என்பதும் கூடவே வந்தது. "நல்லா கீது" என்று சொல்லிவிட்டு அரைக்கிலோ நெத்திலி வாங்கிக்கொண்டு போய்விட்டேன். பிறந்தது முதல் மீனோடு வாழ்ந்தவளை, மீனைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைக் கேட்க வைத்தேன். நான் செய்தது இதுதான்.

நீ நெஞ்சுவலியில் போனாய். என் பொய்யால் போனாய் என்று எழுதி, அழுது, பெரிய பாவியாக ஆகிவிடவும் எனக்கு வழியில்லை. பொய் உன் உயிரை எடுக்கவில்லை. நீ உன்மேல் வைத்திருந்த நம்பிக்கையை எடுத்தது. அது இல்லாமலே கடைசி நாட்களில் வியாபாரம் செய்தாய்.

சாவு வீட்டுக்கு அந்தக் கணினிப் பெண்ணும் வந்திருந்தாள். பந்தலுக்கு வெளியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏன் அங்கிள் திரும்ப வரவே இல்ல? அந்த வார்த்தைக்காகவா?" என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னிடம் சொல்ல வராதது அவளிடம் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அந்த ஒரு பதிவை மட்டும் திருத்த முடியுமா என்று கேட்டேன்.

"இவ்ளோ நாள் கழிச்சு ஒருத்தர் வந்து 'எனக்கும் வந்துச்சு'ன்னா சேர்க்கலாமா அங்கிள்? நீங்க போட்ட ரூல்தானே. நீங்களே சொல்லுங்க."

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கெஞ்சியிருப்பார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். ஒன்றைச் சேர்த்தால் எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள். "சேக்காத" என்றேன். நீ இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாய், என்னைத் திட்டிக்கொண்டே. ஆக உன் பதிவு அப்படியேதான் இருக்கிறது. அதற்கு வேண்டிய இன்னொரு மூக்கு கடைசிவரை சேரவில்லை.

சொல்லாமல் விட்டது இன்னும் ஒன்று. உன் கடையில் இப்போது உன் மகள் உட்காருகிறாள். போன வாரம் போயிருந்தேன். ஒரு அம்மாள் சுறாக் கருவாடு கேட்டு நின்றிருந்தார். உன் மகள் துண்டைக் கையில் எடுத்து, மூக்கருகே கொண்டுபோகாமலே என்னிடம் நீட்டினாள்.

"நைனா, இது நல்லா கீதா பாரேன். எங்கம்மா எப்பவும் யார் கைலயாவது கேட்டுட்டுத்தான் குடுக்கும். எனக்கும் பயமா கீது."

என்னிடமிருந்து உனக்கு வந்தது, உன்னிடமிருந்து அவளுக்குப் போய்விட்டது. அதை அங்கேயே, அந்த வாடிக்கைக்கார அம்மாளுக்கு முன்பாகவே, நின்றபடி சொன்னேன். மழை, மதியம், சன்னல், உன் போன், என் பதில். உங்க அம்மாவுக்கு மூக்கு நன்றாகத்தான் இருந்தது, கெட்டது என் புத்திதான் என்றேன். அவள் துண்டைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, குடுப்பியா மாட்டியா?" என்றார் அந்த அம்மாள்.

உன் மகள் கருவாட்டை முகர்ந்து பார்த்தாள். ஒருமுறைதான். காகிதத்தில் சுற்றி அந்த அம்மாளிடம் கொடுத்தாள். அவர் போன பிறகு, என்னைப் பார்க்காமல், ஈ விரட்டிக்கொண்டே, "அம்மா கைல சொல்லிருக்கலாமே நைனா" என்றாள்.

வையவில்லை, போகச் சொல்லவும் இல்லை. நானாகத்தான் கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் வந்துசேரும்வரை அவளுக்கு ஒரு பதில் தேடினேன். வாதம் தேட எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, உனக்கே தெரியும். நிறையக் கிடைத்தன. ஒன்றுகூட உன் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியதாக இல்லை.